தடயவியல் வேலைக்குப் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடங்களை எடுப்பது?

டெல்லி மயூர் விஹாரில் இருந்து வந்த கேள்வி: "மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். தடயவியல் ஆய்வகத்தில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். பள்ளியில் மெடிக்கல் (மேத்ஸ் இல்லாமல் பயாலஜி), நான்-மெடிக்கல் (பயாலஜி இல்லாமல் மேத்ஸ்), இரண்டும் சேர்ந்த பிரிவு என்று மூன்று வழி சொல்கிறார்கள். எதை எடுப்பது? பன்னிரண்டு முடித்ததும் நேராக பி.எஸ்சி. தடயவியலில் சேர்த்துவிடலாமா? தமிழை இத்துடன் நிறுத்திவிடலாமா?"

முதலில் நேரடியான பதில். கெமிஸ்ட்ரியை எந்தக் கட்டத்திலும் விடக்கூடாது. மகளுக்கு மேத்ஸும் பயாலஜியும் இரண்டுமே ஓரளவு வருகிறது, எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் இரண்டும் சேர்ந்த பிரிவை, அதாவது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி, ஆங்கிலம் என்ற ஐந்தையும் எடுக்கட்டும். நேரடி பி.எஸ்சி. தடயவியல் தவறான வழியில்லை. ஆனால் சில விஷயங்களைச் சரிபார்க்காமல் சேர்ந்தால் ஐந்தாறு வருடம் கழித்து வேலை அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். தமிழை விட வேண்டியதில்லை. அதற்கு உணர்வைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பாடத்தேர்வைப் பள்ளியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் குழப்பம்தான் மிஞ்சும். வேலை அறிவிப்பிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். டெல்லியில் லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் சி.பி.ஐ.யின் கீழ் இயங்கும் மத்திய தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ரோஹிணியில் டெல்லி அரசின் ஆய்வகம் இருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர், போபால், புனே, குவாஹாத்தி ஆகிய ஊர்களில் மத்திய ஆய்வகங்கள் இருக்கின்றன. இவற்றில் எங்குமே 'தடயவியல் நிபுணர்' என்று பொதுவாக ஆள் எடுப்பதில்லை. ஆளெடுப்பு பிரிவுவாரியாக நடக்கும்: கெமிஸ்ட்ரி, நச்சியல், பயாலஜி மற்றும் டி.என்.ஏ., பிசிக்ஸ், பாலிஸ்டிக்ஸ் (துப்பாக்கி, தோட்டா ஆய்வு), ஆவணங்கள், வெடிபொருள், டிஜிட்டல், உளவியல். ஒவ்வொரு பிரிவுக்கும் கல்வித் தகுதி தனி.

யு.பி.எஸ்.சி. வெளியிடும் முதுநிலை அறிவியல் அலுவலர் அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தால் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். நச்சியல் பிரிவுக்குக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, மருந்தியல் போன்றவற்றில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். தடயவியலில் முதுகலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பி.எஸ்சி.யில் கெமிஸ்ட்ரி ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். பாலிஸ்டிக்ஸ் என்றால் பிசிக்ஸ் அல்லது மேத்ஸில் முதுகலை, அல்லது பி.எஸ்சி.யில் அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுத் தடயவியலில் முதுகலை. டி.என்.ஏ. பக்கம் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜி, மானிடவியல் போன்றவை வரும். சில அறிவிப்புகளில் 'மூன்று ஆண்டுகளும்' அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்றே போட்டிருப்பார்கள். கூடவே அந்தத் துறையில் மூன்று ஆண்டு பகுப்பாய்வு அனுபவமும் கேட்பது வழக்கம். இந்த வாசகத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எம்.எஸ்சி. தடயவியல் கையில் இருக்கும், பி.எஸ்சி.யில் அடிப்படைப் பாடம் இருக்காது.

ஆக சங்கிலி இப்படிப் போகிறது: பதினொன்றாம் வகுப்புப் பாடம் எந்த பி.எஸ்சி. கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, பி.எஸ்சி. பாடம் எந்தப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கெமிஸ்ட்ரி ஹானர்ஸ் சேர மேத்ஸ் படித்திருக்க வேண்டும். மெடிக்கல் பிரிவில் பயாலஜி மட்டும் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். பிசிக்ஸ் ஹானர்ஸும் அப்படித்தான். மறுபக்கம் விலங்கியல், தாவரவியல், மானிடவியல் ஹானர்ஸ் எல்லாம் பயாலஜி கேட்பவை. நான்-மெடிக்கல் பிள்ளைக்கு அவை கிடைக்காது. இரண்டும் சேர்ந்த பிரிவை நான் முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம். பதினைந்து வயதில் டி.என்.ஏ. பிரிவா பாலிஸ்டிக்ஸா என்று தெரிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் ஐந்தும் சேர்ந்தால் சுமை உண்மையிலேயே அதிகம், அதை மறைக்கக்கூடாது. பதினொன்றாம் வகுப்பு முதல் பருவத்திலேயே பிசிக்ஸும் மேத்ஸும் ஒன்றாக ஏறும். மூன்று அறிவியல் பாடங்களுக்கும் செய்முறைப் பதிவேடு எழுத வேண்டும். மேத்ஸில் தத்தளிக்கும் பிள்ளையை இதில் தள்ளினால் நான்கு பாடத்திலும் மதிப்பெண் சரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மெடிக்கல் பிரிவே போதும், வழி அடைபட்டுவிடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. லைஃப் சயன்சஸ் படிப்பில் தாவரவியல், விலங்கியலோடு கெமிஸ்ட்ரியும் பாடமாக இருக்கிறது, அதற்கு மேத்ஸ் தேவையில்லை. அதில் சேரும் பிள்ளை பயாலஜி, நச்சியல் என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும். என்னைக் கேட்டால், மேத்ஸ் பிடிக்காத பிள்ளைக்கு டெல்லியில் இதைவிடப் பொருத்தமான பட்டப்படிப்பு இல்லை. பயாலஜியைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்கு நான்-மெடிக்கல், பிறகு கெமிஸ்ட்ரி அல்லது பிசிக்ஸ் ஹானர்ஸ்.

இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே சி.பி.எஸ்.இ. மேத்ஸை ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேலே மேத்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கானது ஸ்டாண்டர்ட். மதிப்பெண் கூடும் என்று பேசிக் எழுதிய பிள்ளைக்குப் பதினொன்றில் மேத்ஸ் கிடைப்பது பள்ளியின், வாரியத்தின் அந்த ஆண்டு விதியைப் பொறுத்துப் போகும். மகள் எதில் எழுதுகிறாள் என்று இன்றே பாருங்கள். அதேபோல் பதினொன்றில் 'அப்ளைடு மேத்தமேடிக்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. அது வணிகம், சமூக அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து வந்தது. அறிவியல் பட்டப்படிப்பு எல்லாமே அதை முழு மேத்ஸுக்கு இணையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இறங்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் வாரியப் பதிவு முடிந்த பிறகு பாடத்தை மாற்றுவது கடினம். முதல் சில வாரங்களுக்குள் முடிவு செய்துவிடுவதுதான் நல்லது.

இனி ஒவ்வொரு பாடமும் ஆய்வகத்தில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். இது தெரிந்தால் மகளுக்குப் படிப்பின் மேல் பிடிப்பு வரும்.

கெமிஸ்ட்ரியில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் தடயவியலே அங்கிருந்துதான் தொடங்கியது. விஷம் கண்டுபிடிப்பதற்காக 1849-ல் சென்னையில் ஏற்படுத்தப்பட்ட வேதிப் பரிசோதகர் ஆய்வகம்தான் இந்தியாவின் முதல் முயற்சி. இன்றைக்குச் சட்டையில் இருக்கும் பழுப்புக் கறை ரத்தமா என்று முதலில் பார்க்கும் சோதனை ஒன்றைப் பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் இண்டிகேட்டராக இருக்கும் பினால்ஃப்தலீனைக் காரக் கரைசலில் துத்தநாகத் தூளோடு கொதிக்க வைத்து நிறமில்லாததாக மாற்றி வைத்திருப்பார்கள். கறையைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்து, முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு இந்தக் கரைசல், ஒரு சிறு இடைவெளி, கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு விட்டவுடன் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்க வாய்ப்புண்டு. பெராக்சைடு விடுவதற்கு முன்பே நிறம் வந்தால் அங்கே வேறு ஆக்சிஜனேற்றி, உதாரணமாகச் சில உலோக உப்புகள், இருக்கிறது என்று பொருள். அரை நிமிடம் கழித்து மெல்ல நிறம் வந்தால் அதையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள், காற்று பட்டே அது சிவக்கும். சில காய்கறிச் சாறுகளில் உள்ள பெராக்சிடேஸ் நொதியும் சிவப்புக் காட்டும். அதனால் இந்தச் சோதனையை வைத்து மட்டும் 'இது ரத்தம்' என்று அறிக்கை எழுத முடியாது, உறுதிச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். சொட்டுகளை வரிசை மாற்றி விட்டால் இந்த வேறுபாடு எதுவும் தெரியாமல் போய்விடும். பதினொன்றாம் வகுப்பு ஆக்சிஜனேற்ற-ஒடுக்கப் பாடத்தைப் புரிந்து படித்தவருக்கு அந்த வரிசையின் காரணம் சொல்லாமலே விளங்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி செய்முறைக்கு 30 மதிப்பெண். அதில் கனஅளவுப் பகுப்பாய்வுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8. பல பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வை மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். தடயவியலுக்குப் போகும் பிள்ளை அப்படிச் செய்யக்கூடாது. தெரியாத ஒரு பொடியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு சோதனையாக எதை விலக்கினோம், எதை உறுதி செய்தோம் என்று எழுதும் பழக்கம் அங்கேதான் முதன்முதலில் வருகிறது. இலைச் சாற்றைத் தாள் குரோமட்டோகிராஃபியில் பிரித்து ஆர்.எஃப். மதிப்புக் கணக்கிடும் சோதனையும் பாடத்திட்டத்தில் உண்டு. போதைப்பொருள் வழக்கில் மெல்லிய படல குரோமட்டோகிராஃபி செய்வதும் இதே கணக்குத்தான்: பொருள் நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுப்பது. கரைப்பான் எதுவரை ஏறியது என்று பென்சிலால் உடனே குறிக்காமல் விட்டுவிட்டால் தாள் உலர்ந்த பிறகு கோடு தெரியாது, கணக்கு வீண். பேனாவால் கோடு போட்டால் மையும் சேர்ந்து ஓடும்.

பிசிக்ஸும் மேத்ஸும் சேர்ந்து வரும் இடத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. சுவரில் சாய்வாக வந்து விழுந்த ரத்தத் துளி நீள்வட்டமாகப் படியும். அதன் அகலத்தை நீளத்தால் வகுத்தால் துளி வந்த கோணத்தின் சைன் மதிப்புக் கிடைக்கும். அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 0.5, கோணம் 30 டிகிரி. துளியின் வால் பகுதியையும் சேர்த்து அளந்து நீளம் 13 மி.மீ. என்று எழுதிவிட்டால் கோணம் ஏறக்குறைய 23 டிகிரி ஆகிவிடும். அடிபட்டவர் நின்றிருந்தாரா உட்கார்ந்திருந்தாரா என்ற முடிவே இதில் மாறலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான் இது, ஆனால் எதை அளப்பது என்ற தெளிவு வேண்டும். பதினொன்றாம் வகுப்பு எறிபொருள் இயக்கம் பாலிஸ்டிக்ஸுக்கு வாசல்படி. ஒளியியல் பாடம் கண்ணாடித் துண்டுகளின் ஒளிவிலகல் எண்ணை ஒப்பிடுவதற்கும் நுண்ணோக்கிக்கும் போகும்.

பயாலஜியில் பன்னிரண்டாம் வகுப்பு மரபுவழியின் மூலக்கூறு அடிப்படைப் பாடத்தில் டி.என்.ஏ. ரேகைப்பதிவு வருகிறது, பயோடெக்னாலஜிப் பாடத்தில் டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர்., அதன் துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ் வருகின்றன. புத்தகத்தில் உள்ள பழைய முறைக்குப் பதிலாக இன்று ஆய்வகங்கள் எஸ்.டி.ஆர். என்னும் குறுகிய திரும்புவரிசைகளை டி.என்.ஏ.வின் பல இடங்களில் ஒரே நேரத்தில் படிக்கின்றன என்பதை மட்டும் மகள் கூடுதலாகத் தெரிந்துகொண்டால் போதும். முக்கியமாக, பரிணாமப் பாடத்தில் வரும், மரபணு வடிவங்கள் மக்களிடையே எந்த விகிதத்தில் ஜோடி சேரும் என்று சொல்லும் ஹார்டி-வெயின்பெர்க் விதியை வாரியத் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். டி.என்.ஏ. அறிக்கையின் எண்ணே அதிலிருந்துதான் வருகிறது. ஓர் இடத்தில் ஒருவருக்குள்ள இரண்டு வடிவங்களும் மக்களிடையே 0.1, 0.2 என்ற விகிதத்தில் காணப்படுகின்றன என்று வையுங்கள். அந்த ஜோடி ஒருவருக்கு அமையும் வாய்ப்பு 2 × 0.1 × 0.2 = 0.04. இதே போல ஐந்து இடங்கள் என்றால் 0.04-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், ஏறக்குறைய 98 லட்சத்தில் ஒன்று. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பார்க்கும்போது எண் எவ்வளவு சிறியதாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் பயாலஜி மட்டும் படித்தவர்கள் தடுமாறுவார்கள். சிதைந்த மாதிரியில் சில இடங்களே படிக்கக் கிடைத்து, பொருத்தம் லட்சத்தில் ஒன்று என்று வந்தது என்போம். 'அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான்' என்று சொல்வது தவறு. இரண்டு கோடிப் பேர் வாழும் டெல்லியில் அதே பொருத்தம் சுமார் இருநூறு பேருக்கு இருக்கும். இந்த வேறுபாட்டைக் குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பார். பன்னிரண்டாம் வகுப்பு மேத்ஸில் வரும் நிபந்தனை நிகழ்தகவும் பேயஸ் தேற்றமும் அதற்கான பதிலைத் தருகின்றன. மெடிக்கல் பிரிவில் மேத்ஸை விட்ட பிள்ளை இந்த இரண்டு தலைப்பையாவது புத்தகம் வாங்கித் தனியாகப் படிக்கட்டும்.

ஆறாவது பாடம் பற்றி. சி.பி.எஸ்.இ.யில் ஐந்து முக்கியப் பாடங்களோடு ஒரு கூடுதல் பாடம் எடுக்கலாம். டிஜிட்டல் பக்கம் ஆர்வம் இருந்தால் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுப்பது நல்லது, பைத்தான் நிரல்மொழி அங்கே வந்துவிடும். கைப்பற்றிய ஹார்ட் டிஸ்கை நகலெடுக்கும் முன்னும் பின்னும் ஹாஷ் மதிப்பு (உள்ளிருக்கும் தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் அரிச்சுவடி. ஆனால் அந்த வேலைக்கு பி.டெக்., எம்.சி.ஏ. போன்ற படிப்புகள்தான் பொதுவான வழி, அதனால் மேத்ஸ் கட்டாயம். உளவியலை ஆறாவதாக எடுப்பதில் தவறில்லை. மேத்ஸுக்கோ பயாலஜிக்கோ பதிலாக எடுப்பதுதான் தவறு. உளவியல் பிரிவில் இடங்களும் குறைவு. 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் அந்தப் பிரிவு சார்ந்த பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), நார்கோ (மருந்து கொடுத்து விசாரிப்பது) சோதனைகளைச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் தமிழ்நாடு அரசின் தடய அறிவியல் துறை இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதும் எவரும் பத்தாம் வகுப்புத் தரத்திலான கட்டாயத் தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். டெல்லியில் வளரும் நம் பிள்ளைகள் பேசுகிறார்கள், எழுத வராது. லோதி எஸ்டேட், ஆர்.கே.புரம், ஜனக்புரி போன்ற இடங்களில் உள்ள டி.டி.இ.ஏ. (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு இது தானாகவே கிடைத்துவிடுகிறது. மற்றப் பள்ளி என்றால் ஆறாவது பாடமாகத் தமிழ் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் வாரம் ஒரு கட்டுரை வீட்டில் எழுத வையுங்கள். இந்தியையும் உதறிவிட வேண்டாம். டெல்லியில் முதல் தகவல் அறிக்கையும் பறிமுதல் குறிப்பும் பெரும்பாலும் இந்தியில்தான் ஆய்வகத்துக்கு வரும்.

நேரடி பி.எஸ்சி. தடயவியல் கேள்விக்கு என் நிலை: தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் என்றால் தயங்க வேண்டாம். 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய நிறுவனம் ஆனது. தலைமையகம் காந்திநகரில், ரோஹிணியில் டெல்லி வளாகம். பன்னிரண்டு முடித்தவர்களுக்கு பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. சேர்க்கைக்கு அவர்களே தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள், எந்த வளாகத்தில் எந்தப் படிப்பு என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். தலைநகரைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகம் என்றால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பாடத்திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி என்ற பெயரிலேயே தாள்கள் இருக்கின்றனவா, அல்லது எல்லாமே 'குற்றவியல் அறிமுகம்' வகையா? மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயர் அச்சாகுமா? கருவிகளில் மாணவர்களே கைவைத்து வேலை செய்கிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா? மூன்றாவதற்குச் சேர்க்கை அலுவலகத்தில் பதில் வாங்காதீர்கள், இரண்டாமாண்டு மாணவர் யாரிடமாவது கேளுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, கெமிஸ்ட்ரி ஹானர்ஸோ லைஃப் சயன்சஸோ முடித்துவிட்டு எம்.எஸ்சி.யில் தடயவியல் சேர்வது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை அந்தப் படிப்பை நடத்துகிறது. அரசு ஆய்வக இடங்கள் குறைவு, அறிவிப்பு வர வருடக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் அடிப்படை அறிவியல் பட்டம் உள்ளவர் மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு, உணவுப் பரிசோதனைக் கூடம் என்று வேலைக்குப் போகலாம். அறிவிப்பு கேட்கும் துறையோடு அந்த வேலை பொருந்தினால் பகுப்பாய்வு அனுபவமும் சேரும். தேவை கூடும் என்பதும் உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதைச் செயல்படுத்த ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. மகள் எம்.எஸ்சி. முடிக்கும்போது அந்த அவகாசம் முடிந்திருக்கும்.

மகள் மனதில் இருப்பது பிரேதப் பரிசோதனையா என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதைச் செய்பவர்கள் மருத்துவர்கள். அதற்கு பயாலஜியோடு நீட், எம்.பி.பி.எஸ்., பிறகு தடய மருத்துவத்தில் எம்.டி. என்று முற்றிலும் வேறு பாதை. கணக்குப் புத்தக மோசடிகளைத் துப்பறிவதில்தான் ஆர்வம் என்றால் வணிகப் பிரிவும் சி.ஏ.வும்.

பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் பழைய ஆளெடுப்பு அறிவிப்புகளில் தடய அறிவியல் பணியிடங்களைத் தேடி, இரண்டு மூன்று பிரிவுகளின் கல்வித் தகுதிப் பத்தியை மகளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டைத் திறந்து, அந்தப் பட்டங்களுக்கு என்னென்ன பள்ளிப் பாடம் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நுழைவுத் தேர்வு விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, அதனால் போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் ஐந்து பாடச் சுமையை இவள் தாங்குவாளா என்று கேளுங்கள்.